ஆற்றின் மகளும் அரசனின் தாயும்: கிரேக்க வம்சாவளிகளில் நிம்ஃபுகள்

கேள்வி: கிரேக்கப் புராணங்களில் எந்த அரச வம்சத்தை எடுத்தாலும் முதல் சில தலைமுறைகளுக்குள் ஒரு நிம்ஃப் வந்துவிடுகிறாள். ஆற்றின் மகள், ஊற்றுக்குரியவள், கடலில் பிறந்தவள் என்று யாராவது ஒருத்தி. இவர்கள் வெறும் அலங்காரமா? ஒரே அரசனின் மனைவிக்கும் தாய்க்கும் நூலுக்கு நூல் வேறு பெயர் இருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?

பதில்: அலங்காரம் இல்லை. ஒரு குலம் எந்த மண்ணை ஆள்கிறதோ அந்த மண்ணோடு அதற்கு உறவு ஏற்படும் இடத்தில்தான் நிம்ஃப் நிற்கிறாள். தந்தையாகக் கடவுளரின் அரசன் ஜீயஸோ கடல் கடவுள் பொசைடனோ வருவார்கள். அவர்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவர்கள். பத்து நாட்டு அரசர்களும் ஜீயஸைப் பாட்டன் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஈஜினா என்ற தாய் ஈஜினா தீவுக்கு மட்டுமே உரியவள். தைகெட்டி என்ற தாய் ஸ்பார்ட்டாவின் மேற்கே நிற்கும் தைகெட்டஸ் மலையை விட்டு வேறெங்கும் போக மாட்டாள். வம்சாவளியில் ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் நுழைவது பெரும்பாலும் பெண் வழியாகத்தான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கிரேக்க மொழியில் 'நிம்ஃபே' என்றால் மணப்பெண், மணப்பருவத்துப் பெண். தெய்வத் தன்மை பிறகு சேர்ந்ததா, முதலிலேயே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டு பொருளும் ஒட்டிக்கிடக்கின்றன. தமிழில் பலரும் 'தேவதை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, அந்தச் சொல்லில் இடம் என்ற உணர்வு இல்லை. நம் பழைய நூல்களில் வரும் வரையரமகளிர், நீரரமகளிர் என்ற சொற்கள் இன்னும் நெருக்கமானவை. மலைக்கும் நீருக்கும் உரிய பெண்கள் என்பது அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. இங்கே நான் நிம்ஃப் என்றே எழுதுகிறேன்.

வகைகளில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. கடல் தெய்வமான நெரியஸின் மகள்கள் ஐம்பது பேர் நெரீட்கள், கடலுக்குரியவர்கள். உலகைச் சுற்றி ஓடும் ஆறான ஓஷனஸின் மகள்கள் ஓஷனிட்கள். பழைய கவிஞர் ஹெசியட் இவர்களுக்குச் சொல்லும் கணக்கு 3,000, ஆறுகளான சகோதரர்களும் அதே அளவு. மரங்களுக்கு உரியவர்கள் ட்ரயட்கள். அட்லஸின் ஏழு மகள்கள் பிளையடுகள். அரச வம்சங்களுக்கு எல்லாரிலும் முக்கியமானவர்கள் நயாட்கள், அதாவது நன்னீருக்குரியவர்கள். காரணம் எளிது. கிரேக்க நாட்டில் கோடையில் பல ஆறுகள் வற்றிவிடும். வற்றாத ஊற்று எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊர் எழும்பும்.

இந்த நம்பிக்கை ஏட்டில் மட்டும் இருந்ததில்லை. ஏதென்ஸில் திருமணத்துக்கு முன் மணமகள் நீராட கலிரோயி என்ற ஊற்றின் நீரைத்தான் கொண்டுவர வேண்டும். தூசிடிடிஸ் தன் வரலாற்றில் இதைக் குறிப்பிடுகிறார். அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் நிம்ஃபே என்ற தெய்வத்தின் சிறு கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது, அந்த மணநீர் சுமந்த நீள்கழுத்துக் குடங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒவ்வொரு மணப்பெண்ணும் ஒரு நாள் நிம்ஃபாக இருந்தாள். அரச குலத்தின் முதல் மணப்பெண் நிம்ஃபாகவே இருந்தாள் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

இனி, உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய மிகச் சிறந்த சான்று ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில், 21-ஆம் காண்டத்தில் இருக்கிறது. ட்ராய் அருகே ஓடும் ஸ்கமாண்டர் ஆற்றங்கரையில் கிரேக்க வீரன் அகில்லிஸ் வெறியோடு கொன்றுகொண்டே போகிறான். எதிரே ட்ராய்ப் பக்கத்து வீரன் ஆஸ்டெரோபையஸ் வருகிறான். இரு கைகளாலும் ஈட்டி எறியக்கூடியவன், அகில்லிஸின் கையில் இரத்தம் வரவைத்தவன். 'நீ யார்' என்ற கேள்விக்கு அவன் தன் குலத்தைச் சொல்கிறான்: தந்தை பெலெகோன், பாட்டன் ஆக்ஸியஸ் என்ற ஆறு. அகில்லிஸ் அவனைக் கொன்றுவிட்டு, உடலின் மேல் நின்று தன் குலத்தைச் சொல்கிறான்: என் தந்தை பெலியஸ், அவன் தந்தை ஈயாகஸ், ஈயாகஸின் தந்தை ஜீயஸ், கடலில் போய் விழும் ஆறுகளைவிட ஜீயஸ் எவ்வளவு வலியவனோ, அவ்வளவு வலியது ஆற்றின் குலத்தைவிட ஜீயஸின் குலம்.

இதில் அவன் சொல்லாமல் விட்டது என்ன என்று பாருங்கள். ஈயாகஸின் தாய் யார்? ஈஜினா. அவள் தந்தை யார்? அசோபஸ் என்ற ஆறு. அகில்லிஸும் ஆற்றின் வழிவந்தவன்தான். அவனைப் பெற்ற தெட்டிஸ் ஒரு நெரீட். அவன் படைத்தலைவர்களில் ஒருவனான மெனஸ்தியஸ், அகில்லிஸின் சகோதரி பொலிடோராவுக்கும் ஸ்பெர்கியஸ் ஆற்றுக்கும் பிறந்தவன் என்று அதே இலியட் 16-ஆம் காண்டத்தில் சொல்கிறது. ஊர் திரும்பினால் அந்த ஸ்பெர்கியஸுக்குத் தருவதாக அவன் தலைமுடியை வளர்த்துவந்தான் என்பது 23-ஆம் காண்டத்தில் வருகிறது. இத்தனை ஆறுகள் சூழ்ந்த குடும்பத்தில் பிறந்தவன், தந்தை வழியை மட்டும் எண்ணிக் காட்டி ஆறுகளை இகழ்கிறான். அடுத்த சில அடிகளிலேயே ஸ்கமாண்டர் பொங்கி எழுந்து அவனை மூழ்கடிக்கப் பார்க்கிறது. தீக்கடவுள் ஹெஃபைஸ்டஸ் தீ மூட்டித்தான் அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஹோமர் இதற்கு விளக்கம் எழுதவில்லை. அன்றைய கேட்போருக்கு ஈஜினாவின் கதை தெரிந்திருந்தால் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஸ்கமாண்டர் ஏன் அவ்வளவு கோபப்பட்டது? தன் நீரோட்டம் பிணங்களால் அடைபட்டது என்பது ஹோமர் சொல்லும் காரணம். ட்ராய் அரசர்களின் வம்சாவளியைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: அவர்கள் அதன் பேரப்பிள்ளைகள். அப்பொலோடோரஸின் பெயரில் வழங்கும் 'நூலகம்' என்ற புராணத் தொகுப்பு இந்தப் பட்டியலை முழுமையாகத் தருகிறது. ஜீயஸுக்கும் பிளையட் எலெக்ட்ராவுக்கும் பிறந்த டார்டனஸ் சாமோத்ரேஸ் தீவிலிருந்து எதிர்க்கரைக்கு வருகிறான். அந்நியன், கையில் நிலம் இல்லை. அங்கே ஆட்சி செய்துவந்தவன் டியூசர், ஸ்கமாண்டர் ஆற்றுக்கும் இடையா என்ற நிம்ஃபுக்கும் பிறந்தவன். இடா என்பது அங்குள்ள மலையின் பெயர். ஆற்றுக்கும் மலைக்கும் பிறந்தவன் என்றால் அந்த நிலமே அவன்தான். அவன் தன் மகள் பட்டியாவையும் நிலத்தில் ஒரு பங்கையும் டார்டனஸுக்குத் தருகிறான். மகளும் நிலமும் ஒன்றாகக் கைமாறுவதைக் கவனியுங்கள்.

ஒரு மணம் போதாது என்பதுபோல் வம்சம் திரும்பத் திரும்ப நீருக்கே போகிறது. டார்டனஸின் மகன் எரிக்தோனியஸ், சிமோயிஸ் ஆற்றின் மகள் அஸ்டியோகியை மணக்கிறான். அவர்கள் மகன் ட்ரோஸ், ஸ்கமாண்டரின் மகள் கலிரோயியை மணக்கிறான். ட்ரோஸின் பேரன் லவோமெடோனுக்கு ஸ்கமாண்டரின் மகள் ஸ்ட்ரிமோ. அவர்களின் மகன்தான் ப்ரையம், போரின்போது ட்ராயை ஆண்ட முதிய அரசன். ட்ரோஸின் இன்னொரு மகன் அசராகஸுக்கு சிமோயிஸின் மகள் ஹீரோம்நெமி. அந்தக் கிளையில் வந்தவன் ஈனியஸ். ட்ராய்ச் சமவெளியில் ஓடும் முதன்மையான ஆறுகளே இரண்டுதான், சிமோயிஸ், ஸ்கமாண்டர். இரண்டும் மாறிமாறிப் பெண் கொடுத்த வீடு அது. ஆனால் இலியட் 20-இல் ஈனியஸ் தன் குலத்தை அகில்லிஸிடம் ஒப்பிக்கும்போது ஆண் பெயர்கள் மட்டும் சங்கிலியாக வருகின்றன. இந்த ஆற்று மகள்கள் யாரும் அதில் இல்லை. போர்க்களத்தில் தந்தை வழி போதும். நிலத்துக்கு உரிமை சொல்லும்போது தாய் வழி வேண்டும். ஒரே வம்சத்துக்கு இரண்டு விதமான பட்டியல்கள் இருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அசோபஸின் மகள்களைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பொலோடோரஸ் இருபது மகள்கள் என்கிறார், வரலாற்றாசிரியர் டியோடோரஸ் பன்னிரண்டு என்கிறார். ஈஜினா, தீபி, சலாமிஸ், கோர்கிரா, சினோப்பி: பெயரைப் படித்தாலே தெரியும், எல்லாம் தீவுகளும் நகரங்களும். ஒவ்வொருத்தியையும் ஒரு கடவுள் தூக்கிச் செல்கிறான், போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவள் பெயர் வருகிறது, அவள் மகன் அங்கே அரசனாகிறான். சலாமிஸுக்கும் பொசைடனுக்கும் பிறந்த கிக்ரியஸ் சலாமிஸ் தீவின் அரசன். கோர்கிராவின் மகன் ஃபயாக்ஸ், ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் வரும் ஃபயாகியர்களின் முன்னோன். ஈஜினாவின் மகன் ஈயாகஸ் ஆளில்லாத தீவில் பிறந்ததால், ஜீயஸ் அங்கிருந்த எறும்புகளை மனிதர்களாக்கிக் குடிமக்களைக் கொடுத்தான்.

மகள்கள் இப்படி ஒவ்வொருத்தியாகப் போனபோது அந்தத் தந்தை என்ன செய்தான்? ஈஜினாவைத் தேடி அசோபஸ் ஊர் ஊராக அலைந்தான். கொரிந்த் அரசன் சிசிஃபஸுக்கு யார் தூக்கிப்போனது என்று தெரியும். சொல்வதற்கு விலையாக அவன் கேட்டது தன் கோட்டைக் குன்றின் மேல் ஓர் ஊற்று. அசோபஸ் கொடுத்தான், உண்மையைத் தெரிந்துகொண்டான், ஜீயஸைத் துரத்தினான். ஜீயஸ் இடியால் அடித்து அவனைப் பழைய படுகைக்கே திருப்பி அனுப்பினான். அந்த ஆற்றில் இன்றும் கரித்துண்டுகள் கிடைப்பது அதனால்தான் என்று அப்பொலோடோரஸ் முடிக்கிறார். வம்சாவளிப் பட்டியலில் 'ஜீயஸ், ஈஜினா: மகன் ஈயாகஸ்' என்று ஒரு வரியில் கடந்துபோவதற்கு அடியில் இந்தக் கரி இருக்கிறது. பல அரச குலங்களின் தொடக்கம் ஒரு பெண்ணைக் கேட்காமல் தூக்கிச் சென்றதுதான். அதைக் கிரேக்கர்கள் மறைக்கவில்லை, நாமும் மென்மையாக்கிச் சொல்லக் கூடாது.

இந்த உறவுமுறைகளை அவர்கள் உண்மையாகவே பயன்படுத்தினார்கள் என்பதற்கு வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி போதும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஏதென்ஸிடம் தோற்ற தீப்ஸ் நகரத்தார் (தீபி பெயர் தந்த ஊர் இது) அப்பல்லோவின் குறி சொல்லும் கோயிலான டெல்ஃபியில் குறி கேட்டார்கள். 'உங்களுக்கு மிக நெருங்கியவர்களிடம் உதவி கேளுங்கள்' என்று விடை வந்தது. பக்கத்து ஊரார் எல்லாரும் ஏற்கெனவே அவர்களோடு சேர்ந்து சண்டையிட்டவர்கள்தானே என்று குழம்பினார்கள். அப்போது ஒருவர் எழுந்து, தீபியும் ஈஜினாவும் அசோபஸின் மகள்கள், ஆகவே ஈஜினாதான் நமக்கு நெருங்கிய உறவு என்றார். தூது போனது. ஈஜினா தீவினர் உதவியாக அனுப்பியது ஈயாகஸ் குலத்து வீரர்களை, அதாவது அந்த முன்னோரின் தெய்வ உருவங்களை. அவர்களை நம்பிப் போருக்குப் போன தீப்ஸ் மறுபடியும் அடிவாங்கியது. உருவங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனிதர்களை அனுப்பும்படி கேட்டார்கள். ஈஜினாவும் போரில் இறங்கியது. இரண்டு நிம்ஃபுகள் அக்கா தங்கை என்று சொல்லிக் கேட்ட உதவியில் தொடங்கி, ஒரு தீவு ஏதென்ஸுக்கு எதிராகக் கப்பல் ஓட்டியது.

ஆர்கோஸின் வம்சம் வேறு மாதிரி. அங்கே ஆறே முதல் தலைமுறை. இனாகஸ் என்ற ஆற்றுக்கும் மெலியா என்ற ஓஷனிடுக்கும் பிறந்த ஃபொரோனியஸ்தான் சிதறிக் கிடந்த மக்களை முதன்முதலில் ஓர் ஊராகக் கூட்டியவன் என்று ஆர்கோஸ்காரர்கள் சொன்னார்கள். அந்த நாடு ஜீயஸின் மனைவி ஹீராவுக்கா, பொசைடனுக்கா என்ற வழக்கில் இனாகஸும் மற்ற ஆறுகளும் ஹீராவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதால், பொசைடன் அவற்றை வற்றச் செய்தான். மழை பெய்தால் மட்டும் அங்கே ஆறுகள் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று பயண நூல் எழுதிய பௌசனியஸ் எழுதுகிறார்.

இனாகஸின் மகள் இயோ பசுவாக மாற்றப்பட்டு எகிப்துவரை ஓடுகிறாள். அங்கே அவள் மகன் எபாஃபஸ் நைல் ஆற்றின் மகள் மெம்ஃபிஸை மணக்கிறான். அவர்கள் மகள் லிபியா. லிபியாவின் மகன் பெலஸ் நைலின் இன்னொரு மகள் ஆங்கினோயியை மணக்கிறான். ஆற்றின் குலம் வேறு நாட்டுக்குப் போனால் அந்த நாட்டு ஆற்றில்தான் பெண் எடுக்க வேண்டும் என்பது இங்கே அச்சுப் பிசகாமல் நடக்கிறது. பெலஸின் மகன் டனாவஸ் தன் ஐம்பது மகள்களோடு ஆர்கோஸுக்குத் திரும்பி வந்து, முன்னோர் உரிமையைச் சொல்லி அரசைக் கேட்கிறான். வந்தவன் முதலில் செய்யும் வேலை என்ன? வறண்ட நாட்டில் நீர் தேட மகள்களை அனுப்புகிறான். அவர்களில் அமிமோனிக்குப் பொசைடனே லெர்னாவின் ஊற்றுகளைக் காட்டிக் கொடுக்கிறான். வற்றச் செய்தவன் கையாலேயே நீர் திரும்பி வருகிறது. டனாவஸின் வழியில்தான் பெர்சியஸ் வருகிறான், அவன் வழியில் ஹெரக்லீஸ் வருகிறான். கிரேக்க வம்சாவளிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். நீர் போன கதையும் நீர் வந்த கதையும் ஒரே குடும்பத்துக்குள் நடக்கின்றன.

ஸ்பார்ட்டாவை வரைபடம் போலப் படிக்கலாம். லெலெக்ஸுக்கும் நயாட் கிளியோகாரியாவுக்கும் மகன் யூரோட்டாஸ், அது அங்கே ஓடும் ஆறு. யூரோட்டாஸின் மகள் ஸ்பார்ட்டா. அவளை மணந்த லாகெடைமோன், தைகெட்டியின் மகன். ஆறு, மலை, நகரம், நாடு எல்லாம் மூன்று தலைமுறைக்குள் அடங்கிவிட்டன. இதே வீட்டில் சில தலைமுறை கழித்து இகாரியஸ் என்பவன் பெரிபோயா என்ற நயாடை மணக்கிறான். அவர்கள் மகள் பெனலோப்பி. காலிப்ஸோ என்ற நிம்ஃபிடம் ஏழாண்டு இருந்தும் ஒடிசியூஸ் ஏங்கிய மனைவி, அப்பொலோடோரஸின் கணக்கில், தானும் ஒரு நிம்ஃபின் மகள்.

ஏதென்ஸ்காரர்கள் தங்கள் முதல் அரசர்கள் மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்று பெருமையடித்தவர்கள். அவர்களாலும் நயாட் இல்லாமல் முடியவில்லை: மண்ணில் பிறந்த எரிக்தோனியஸின் (ட்ராய் வம்சத்தவன் வேறு, பெயர் மட்டும் ஒன்று) மனைவி பிராக்ஸிதியா ஒரு நயாட்.

குடியேறிகள் தங்கள் நிம்ஃபை உடன் கொண்டுபோனதும் உண்டு. கி.மு. 630-ஐ ஒட்டித் தீரா தீவினர் ஆப்பிரிக்கக் கரையில் சிரீனி என்ற ஊரை அமைத்தார்கள். உள்ளூர் லிபியர்கள் அவர்களை ஓர் ஊற்றருகே அழைத்துச் சென்று, 'இங்கே குடியிருங்கள், இங்கே வானம் ஓட்டையாக இருக்கிறது' என்றார்கள் என்பது ஹெரடோட்டஸ் தரும் செய்தி. பிண்டர் என்ற கவிஞர் பாடிய புராணத்தில் சிரீனி தெசலியைச் சேர்ந்த பெண், பெனியஸ் ஆற்றின் பேத்தி. வெறுங்கையால் சிங்கத்தோடு மல்லுக்கட்டியவளைக் கண்ட அப்பல்லோ, கடல் தாண்டிக் கொண்டுவந்து லிபியாவுக்கு அரசியாக்குகிறான். கிரேக்க ஆற்றின் பேத்தி முன்னமே வந்து ஆண்ட மண் என்றால், பின்னால் வந்தவர்கள் அந்நியர்கள் ஆகமாட்டார்கள்.

எல்லா நிம்ஃபும் அரச குலத்தைத் தொடங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலியட்டில் நயாட்களின் மகன்கள் சிலர் பெயரோடு வருகிறார்கள். லவோமெடோனின் மறைவில் பிறந்த மகன் புகோலியோன் ஆடு மேய்த்தபோது அபர்பாரி என்ற நயாடிடம் பெற்ற இரட்டையர் ஈசிபஸ், பெடாஸஸ். சட்னியோயிஸ் ஆற்றங்கரையில் பிறந்த சட்னியஸ். பனி மூடிய ட்மோலஸ் மலையடியில் பிறந்த இஃபிடியோன். நால்வரும் ட்ராய் பக்கத்தவர், நால்வரும் அறிமுகமாகும் இடத்திலேயே சாகிறார்கள். ஹோமர் அவர்கள் பிறந்த ஆற்றையும் மலையையும் சொல்லி நிறுத்தும்போது, அந்த ஊரே ஒரு பிள்ளையை இழந்ததாகத் தோன்றுகிறது.

பெயர் வேறுபாடுகளுக்கு வருகிறேன். இந்த வம்சாவளிகளின் பழைய பெரும் தொகுப்பு ஹெசியடின் பெயரில் வழங்கிய 'பெண்களின் பட்டியல்', ஐந்து காண்டங்கள். 'அல்லது அவளைப் போன்ற ஒருத்தி' என்று தொடங்கித் தொடங்கி ஒவ்வொரு தாயாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. முழு நூல் அழிந்துவிட்டது; எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளும் பிற்கால மேற்கோள்களும்தான் மிச்சம். ஆகவே நாம் படிப்பது பெரும்பாலும் பல நூற்றாண்டு கழித்து அப்பொலோடோரஸும் பௌசனியஸும் தொகுத்தவற்றை. அவர்கள் ஊர் ஊராக வழங்கிய கதைகளை ஒன்றாக்கும் முயற்சியில் முரண்களையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். எது சரியான பெயர் என்று கேட்பதைவிட, இந்தப் பெயரால் எந்த ஊருக்கு எந்த ஊரோடு உறவு வருகிறது என்று கேட்டால் பயன் அதிகம்.

ஆர்கேடியாவின் அரசன் ஆர்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனைவி லியனைரா, அமிக்லஸின் மகள் என்கிறது ஒரு வழக்கு. அமிக்லஸ் ஸ்பார்ட்டா அரசன், ஆகவே இந்த மணம் ஆர்கேடியாவை ஸ்பார்ட்டாவோடு இணைக்கிறது. பௌசனியஸ் கேட்டதோ எராட்டோ என்ற ட்ரயட், பான் தெய்வத்தின் குறி சொன்னவள். பானும் ஆர்கேடியாவின் தெய்வம்தான், இதில் வெளியூர் உறவே இல்லை. யூமிலஸ் என்ற பழைய கவிஞர் சொன்ன பெயர் கிரிசோபெலியா, அவளும் மரத்தின் நிம்ஃப். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ஆர்கஸ் வேட்டைக்குப் போனபோது ஒரு கருவாலி மரத்தின் வேரை ஆற்று வெள்ளம் அரித்துக்கொண்டிருந்தது. மரம் விழுந்தால் அவளும் சாவாள். மரத்து நிம்ஃபுகளின் உயிர் மரத்தோடுதான். காப்பாற்றும்படி அவள் கேட்டாள். ஆர்கஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிவிட்டு, மரத்தடியில் மண்ணைக் கொட்டி அணைத்து நிறுத்தினான். அவள் அவனுக்கு எலட்டஸ், அஃபெய்டஸ் என்ற இரண்டு மகன்களைப் பெற்றாள். ஆர்கேடியாவின் அரசர்கள் அந்த இருவர் வழியில் வந்தவர்கள்.